எதிர்க்கடை மருந்து

தாராவியில் எங்கள் வீட்டின் முன்பக்கமே அப்பாவின் மருந்துக்கடை. அவர் டாக்டருக்குப் படித்தவரில்லை. யாரோ ஒருவர் கடையில் மருந்து கட்டிக் கொடுத்துப் பழகியதுதான் படிப்பு. ஆனாலும் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று சந்தே பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் வரும். மாத்திரையை உடைத்துப் பொடியாக்கி, தேனில் குழைத்து, "நாக்க நீட்டு" என்பார். பிள்ளை நீட்டிவிடும். அம்மாக்கள்தான் "ஒண்ணும் ஆகாதுல்லா அண்ணாச்சி?" என்று இழுப்பார்கள். அப்பாவுக்குச் சுள்ளென்று கோபம் வரும். "நம்பிக்கை இல்லன்னா ஆஸ்பத்திரிக்குப் போங்க!"

சாக்கடைக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் இதே மாதிரி கடை வைத்திருந்தார். அவர் கொடுப்பதெல்லாம் வெறும் கலர் தண்ணீர் என்பார் அப்பா. அவரும் அப்பாவைப் பற்றி அதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தார். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அறுபதுகளில் ஒரு மழைக்காலம். நடை பழகிக்கொண்டிருந்த என் தம்பிக்கு வயிற்றால் போய், மத்தியானத்துக்குள் துவண்டுவிட்டான். அழக்கூடத் தெம்பில்லை. அப்பா மாத்திரையை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"ஊரு பிள்ளைக்கெல்லாம் குடுக்கியளே, நம்ம பிள்ளைக்குக் குடுக்க என்னவாம்?" என்று அம்மா கத்தினாள்.

"எனக்குக் கை ஓட மாட்டேங்கு" என்றார்.

தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே எதிர்க்கடைக்குப் போனார். பின்னாலேயே நானும் ஓடினேன். மானம் போகிறதே என்று எனக்கு ஒரே எரிச்சல்.

அந்த மனிதர் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. தம்பியின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். எங்கள் கடையில் இருக்கும் அதே வெள்ளை மாத்திரையை உடைத்து, தேனில் குழைத்து, நாக்கில் தடவினார். "கஞ்சித் தண்ணியில உப்புப் போட்டுக் குடுத்துக்கிட்டே இரும்."

"ஒண்ணும் ஆகாதுல்லா?"

கேட்டது அப்பா! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஆகாதுவே. பொழுது சாயுறதுக்குள்ள தெளியலன்னா ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வாரேன்."

வாசல்வரை வந்துவிட்டு, அப்பா திரும்பிப்போய் மறுபடியும் அதையே கேட்டார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் தம்பி கஞ்சிக் கிண்ணத்தைத் தானே பிடித்து இழுத்தான். அம்மா அழுதாள். அப்புறம், "நம்ம கடை மாத்திரைய வாங்க அங்க போனியளாக்கும்!" என்று சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்த சந்தோஷம் தீபாவளிக்குக்கூட இருந்ததில்லை.

அந்த மழைக்காலம் முடிவதற்கு முன்பே ஒரு நாள், எங்கள் கடைக் கூட்டத்தின் கடைசியில் எதிர்க்கடைக்காரர் வந்து நின்றார். தோளில் அவருடைய மகள், காய்ச்சலில் கண்ணைத் திறக்கவில்லை. அப்பா அவரை முன்னால் கூப்பிட்டு, மாத்திரையை உடைத்துக் குழைத்தார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அப்பாவே சொல்லிவிட்டார்: "ஒண்ணும் ஆகாதுவே."