இரண்டு தின்னவேலி

யாழ்ப்பாணத்துப் பலாலி வீதி வழியே வரும் பேருந்து எங்கள் சந்தையடியில் நிற்கும்போது ஈர வெங்காயத்தின் காரமணம் உள்ளே புகுந்து கண்ணைக் கரிக்கும். அந்த எரிவோடுதான் எங்கள் ஊரின் பெயர் இன்றும் என் நினைவில் வருகிறது. ஏட்டில் அது திருநெல்வேலி. வாயில் அது "தின்னவேலி". தபாற்கந்தோர்ப் பலகையில் ஆங்கிலேயர் எழுதிவிட்டுப் போன எழுத்துகளைக் கூட்டி வாசித்தாலோ டின்னெவெலி. திருவும் நெல்லும் வேலியும் சேர்ந்த மேன்மையான பெயர் என்று பள்ளியிலே சொல்லித் தந்தார்கள்; புகையிலையும் வெங்காயமும் மரவள்ளியும் விளையும் எங்கள் செம்மண்ணில் அந்த நெல்லை மட்டும் நான் கண்டதில்லை. அயலூர்ப் பிள்ளைகளுக்கு அவ்வளவு ஆராய்ச்சி வேண்டியிருக்கவில்லை. "தின்னவேலியார் வருகினம், வேலியைக் கவனியுங்கோ!" என்று அவர்கள் கூவுவார்கள். "உங்கடை கிளுவை வேலியை ஆடும் தின்னாதடி!" என்று நாங்களும் விட்டுக்கொடுக்காமல் திருப்பிக் கொடுப்போம்.

கடலுக்கு அப்பால் தமிழகத்திலே இன்னொரு திருநெல்வேலி உண்டென்பதும், அதையும் ஆங்கிலத்தில் அதே எழுத்துகளால்தான் எழுதினார்கள் என்பதும், அவ்வூராரும் அதைத் "தின்னவேலி" என்றே சொல்வார்கள் என்பதும் எனக்குத் தெரியவந்தது அறுபதுகளின் தொடக்கத்தில், என் அண்ணை பிடிபட்டபோதுதான்.

அண்ணை மன்னாரில் ஒரு கருவாட்டுக் கடையில் வேலைக்கு நின்றார். தோணியில் களவாக வந்திறங்குபவர்களைப் பொலிசார் கரையெங்கும் தேடிக்கொண்டிருந்த காலம் அது. சரக்கு எடுக்கக் கரைக்குப் போன இடத்தில், சாரமும் பழஞ்சட்டையுமாய் நின்ற அவரையும் வளைத்து, ஊர் எதுவென்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணம் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். தமக்குத் தெரிந்த சிறிதளவு ஆங்கிலத்தைக் காட்டும் ஆசையில் அண்ணை, தபாற்கந்தோர்ப் பலகையில் உள்ளபடியே "டின்னெவெலி" என்று சொன்னார். இந்தியாவுக்குப் போகும் கப்பலுக்குக் காத்திருப்போரோடு அவரையும் அடைத்துவிட்டார்கள்.

ஐயா அப்போது காய்ச்சலில் படுக்கையாய்க் கிடந்தார். அரசாங்கக் கச்சேரியில் பிறப்புப் பத்திரத்தின் பிரதி எடுப்பதற்குள் கப்பல் போய்விடும் என்று கடை முதலாளி ஆளனுப்பிச் சொல்லியிருந்தார். தனியே பயணம் போய் அறியாத அம்மா, துணைக்கென்று என்னையும் கூட்டிக்கொண்டு மன்னாருக்குப் புறப்பட்டார்.

பொலிஸ் நிலையத்து விறாந்தை வாங்கிலில் அண்ணையும் அவரருகே ஒரு நடுவயது மனிதரும் இருந்தார்கள். அம்மனிதரின் பெயர் சுடலைமுத்து. பல ஆண்டுகளாக மன்னாரில் பனையேறிப் பிழைத்தவர். பிறந்தது மற்றத் தின்னவேலியில். அடைபட்ட முதல் நாளே அண்ணையின் ஊர்ப்பெயரைக் கேட்டு, "தம்பி, நாம ஒரே ஊருல்லா!" என்று மகிழ்ந்து, தம் சோற்றில் பாதியைத் தந்தாராம். உண்மை விளங்கிய பின்பும் அண்ணைக்கு அவரை விட மனம் வரவில்லை. "நீங்களும் யாழ்ப்பாணத்துத் தின்னவேலி எண்டே சொல்லுங்கோ, ஆர் அறியப்போகினம்?" என்று சொல்லிக்கொடுத்திருந்தார். இருவரும் ஒரே சொல்லைச் சொல்லவே, இருவருமே பொய்யர் என்று பெரிய அதிகாரி முடிவு கட்டிவிட்டார்.

அங்கிருந்த கொன்ஸ்தாபல் யாழ்ப்பாணப் பட்டினத்து முஸ்லிம் இளைஞர். அப்படியோர் ஊர் அங்கும் உண்டென்று அவர் சொல்லிப் பார்த்தும் அதிகாரி நம்பவில்லை. பிடிபட்டவர்கள் எல்லாரும் யாழ்ப்பாணம் என்றுதான் சொல்வார்கள், வந்திருக்கும் கிழவியும் கூலிக்குப் பிடித்த தாயாக இருக்கலாம் என்றாராம். பின்பு, தமக்குத் தெரிந்த ஓரிரு தமிழ்ச் சொற்களில் ஒன்றை எடுத்து, அண்ணையைச் சுட்டிக்காட்டி அம்மாவுக்குக் கட்டளையிட்டார்.

"பேசு! பேசு!"

தாயும் மகனும் உரையாடுவதைப் பார்க்க வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். ஆனால் எங்கள் ஊரில் உரையாடுவதற்குக் "கதைப்பது" என்றுதான் சொல்வோம். "பேசுவது" என்றால் ஏசுவது. வழி முழுவதும் நெஞ்சில் அடக்கிவைத்திருந்ததற்கு அரசாங்கமே அனுமதி தந்ததாக எண்ணி, அம்மா தொடங்கிவிட்டார்.

"எட விசரா! ஊர் கேட்டால் யாழ்ப்பாணம் எண்டு சொல்லிப்போட்டு வாயை மூடாமல், ஒழுங்கை படலையெல்லாம் சொல்லுறதே? உனக்கு இங்கிலீசு ஒரு கேடே? கொப்பர் காய்ச்சலிலை கிடக்கிறார், நான் சின்னப்பெட்டையையும் இழுத்துக்கொண்டு நாய்மாதிரி அலையிறன், நீ வடிவா வாங்கிலிலை இருக்கிறாய்!"

அண்ணை தலை நிமிரவில்லை. அவருடைய கண்ணீர் சாரத்தில் விழுந்தது. அதைப் பொறுக்கமாட்டாமல் சுடலைமுத்து கைகூப்பி எழுந்தார்.

"யம்மா, பேசத்தானே சொன்னாவ. பிள்ளைய எதுக்கு இப்படி ஏசுதீய?"

அம்மாவுக்கு அவர் சொன்னது விளங்கவில்லை, "பேசச் சொன்னதுக்குத்தானே பேசுறன்?" என்று அவரையே திருப்பிக் கேட்டார். கொன்ஸ்தாபல் வாயைப் பொத்திச் சிரித்தார். இந்தத் தாய் யாழ்ப்பாணத்தவள்தான், "பேசு" என்றதும் ஏசுகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், பிள்ளையும் அதைக் குறை சொல்லாமல் ஏச்சை வாங்கிக்கொண்டிருக்கிறது என்று அதிகாரிக்குச் சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். சொல்லி முடிக்கும்போது அவருடைய சிரிப்பு போய்விட்டது. ஏனென்றால் அதிகாரி இப்போது, அந்த ஏச்சை எழுந்து தட்டிக்கேட்ட சுடலைமுத்துவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காணுமம்மா, பேசினது காணும். மகனைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார் கொன்ஸ்தாபல், போதும் என்று கையமர்த்தியபடி.

அண்ணை எழுந்து நின்றார். சுடலைமுத்து மீண்டும் வாங்கிலில் அமர்ந்தார். "போயிட்டு வாங்க, தம்பி" என்றார். திரும்பும் வழியில் பேருந்தில் அம்மா விபூதியை எடுத்து அண்ணையின் நெற்றியில் பூசினார். பூநகரிப் பாதையில் வரும்போது அண்ணை சொன்னார்.

"அந்தாள் என்னிலை இரக்கப்பட்டெல்லோ அம்மா கதைச்சவர்."

அந்த வாரமே கப்பல் போயிற்று என்று பின்னர் அறிந்தோம்.

இப்போது இரண்டு ஊர்களும் ஆங்கிலத்தில் தமிழ் ஒலிக்கு இசைய வெவ்வேறாகத் தம்மை எழுதிக்கொள்கின்றன. அந்தப் பழைய எழுத்துக்கூட்டு இரு கரையிலும் அழிந்துவிட்டது. அண்ணையும் இல்லை. தமிழகத்துத் தொலைக்காட்சிக்கு முன்னால் வளர்ந்த என் பேர்த்தி, நேற்றுத் தொலைபேசியை என் கையில் தந்து, "அம்மம்மா, மாமாவோடை பேசுங்கோ" என்றாள். மாமா என்ன பிழை செய்தான் என்று கேட்க வாயெடுத்து, களைப்பாக இருந்ததால் விட்டுவிட்டேன். இனி எந்த அதிகாரி வந்து "பேசு" என்று கட்டளையிட்டாலும் இரு தின்னவேலிப் பிள்ளைகளும் ஒரே விதமாகத்தான் விளங்கிக்கொள்வார்கள். அன்றே அப்படி இருந்திருந்தால், அந்த வாங்கிலில் இருந்த இருவரையும் எவராலும் பிரித்திருக்க முடியாது.

சுடலைமுத்துவுக்கு அது மிகவும் பிந்திவிட்டது.