பந்தைப் பார்க்காத அண்ணி

என் அண்ணி எங்கள் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு முப்பது வருஷமாகப் புள்ளி எழுதுகிறார். அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு பந்து வளையத்துக்குள் விழுந்ததைத்தான் கண்ணால் பார்த்திருக்கிறார். சிரிக்காதீர்கள், அந்த மேசையின் சட்டம் அப்படி. நடுவரின் கையைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு விரலா மூன்று விரலா, கை காட்டியதை எழுத வேண்டும். பந்து எக்கேடு கெட்டால் என்ன.

அப்போது அவர் அண்ணி இல்லை, என்னோடு படித்தவர், வாடி போடிதான். புள்ளியியலில் முதல் மதிப்பெண். பந்து பக்கத்தில் வந்தாலே கண்ணை இறுக்கிக்கொள்வார். பெண்களுக்கும் அணி வேண்டும் என்று பதிவாளர் அறைக்கு நாங்கள் நடையாய் நடந்தபோது, ஆள் கணக்குக்கு அவரையும் இழுத்துப் போனேன்.

பதிவாளர் ஒருவழியாக இறங்கி வந்தார். "ஒரு வருஷம் ஆடிப் பாருங்க. கோப்பையோட வந்தா அணி இருக்கும். இல்லன்னா சட்டையைத் திருப்பிக் குடுத்துடணும்."

அந்தச் சட்டையும் ஆண்கள் போட்டுக் கழித்தது. என் ஏழாம் எண் சட்டைக்குள் இன்னொருத்தியும் தாராளமாகக் குடியிருக்கலாம். மைதானம் எங்களுக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு, வெயில் மண்டையைப் பிளக்கும்போது மட்டும் கிடைத்தது.

பந்துக்குப் பயந்தவரைப் புள்ளி எழுதும் மேசையில் உட்காரவைத்தோம். எப்படியோ இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். கடைசி விநாடிகளில் எதிரணி ஐம்பது, நாங்கள் நாற்பத்தெட்டு. எங்களில் இரண்டு பேர் ஐந்து ஃபவுல் வாங்கி வெளியே உட்கார்ந்திருந்தார்கள். நான் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று வீசினேன், விழுந்தது. கோட்டை மிதித்திருந்தால் இரண்டுதான். ஐம்பத்தொன்றுக்கு ஐம்பது. கோப்பை வந்தது, அணி பிழைத்தது. தோழி என் அண்ணனைக் கட்டிக்கொண்டு அண்ணியானார், தேர்வுப் பிரிவில் குமாஸ்தாவானார். ஆட்டம் இருந்தால் மாலையில் அதே மேசை.

இந்த வருஷம் எங்கள் அணிக்குப் புது உள்ளரங்கம் கட்டியிருக்கிறார்கள். மரத்தரை, நாற்காலி வரிசை, நுழைந்ததும் சுவரில் அணியின் வரலாறு. நடுவே கண்ணாடிக்குள் வைக்கப்போவது அந்த இறுதி ஆட்டத்துப் புள்ளித்தாளை.

பயிற்சியாளர் அந்தத் தாளை வீட்டுக்கே கொண்டுவந்தார். "சரிபார்த்தேன்னு ஓரத்துல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்கம்மா."

பத்து நாள் ஆயிற்று, கையெழுத்து விழவில்லை. அண்ணி அடுப்பில் வைத்ததெல்லாம் அடிப்பிடித்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு கையெழுத்துக்கு என்ன அண்ணி இவ்வளவு பிகு?"

அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னார். "உன் கடைசி வீச்சுல நான் நடுவர் கையைப் பார்க்கல. பந்தைப் பார்த்துட்டேன். எல்லாரும் கத்தினாங்க, மூணுன்னு எழுதிட்டேன். அவர் ரெண்டு காட்டியிருந்தா ஆட்டம் சமம். இன்னும் அஞ்சு நிமிஷம் ஆடவிட்டிருப்பாங்க, நாம தோத்திருப்போம். இத்தனை வருஷம் இத்தனை பொண்ணுங்க ஆடினது என் பொய்யாலயோன்னு பயமா இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. "என் கால் கோட்டுக்கு வெளியதான் இருந்துச்சுன்னு தொண்டை கிழியச் சொல்லியிருக்கேன். நீங்ககூட நம்பலையா?"

"உன் காலை நீ பார்த்தியா?"

பார்க்கவில்லை. நானும் பந்தைத்தான் பார்த்தேன்.

நடுவர் போய்ச் சேர்ந்து பல வருஷம். மிச்சம் ஒரே ஆள்தான். அன்று அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தாளில் தப்பு வராமல் கண்காணித்த எதிரணிப் பெண். இப்போது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மருந்துக்கடை வைத்திருக்கிறார்.

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டு, ரெண்டுன்னு சொல்லிட்டா?"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனேன். அண்ணி தாளை மாத்திரை அட்டைகளுக்கு நடுவே விரித்து, மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினார்.

"மூணு," என்றார் மருந்துக்கடைக்காரர். "ரெண்டு கையையும் தூக்கினாரு. ரெண்டுலயும் மூணு மூணு விரல். ரெண்டா இருக்கணுமேன்னு வேண்டிக்கிட்டே அந்தக் கையையே முறைச்சுக்கிட்டு இருந்தேன். ரெண்டு காட்டியிருந்தா உங்க பேனாவைப் பிடுங்கியிருப்பேன்."

அண்ணி ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, முகம் சிரித்தது. எனக்கும் அப்பாடா என்று இருந்தது.

ஆனால் அந்த அம்மா சிரிக்கவில்லை. "நானும் ஒண்ணு சொல்லணும். முதல் பாதியில பேனா எழுதலைன்னு உதறிக்கிட்டு இருந்தீங்க. அப்ப உங்க அணிப் பொண்ணு ஒருத்தி போட்ட ஒரு ஃப்ரீ த்ரோவை எழுதாம விட்டுட்டீங்க. நான் பார்த்தேன், சொல்லல. அரங்கத் திறப்பு விழா அழைப்பு வந்ததுலேருந்து மனசு அரிக்குது. மன்னிச்சுடுங்க."

ஃப்ரீ த்ரோ என்றால் ஒரு புள்ளி. அண்ணியின் உதடு அசைந்தது. புள்ளியியல்காரி அல்லவா, எனக்கு முன்னால் முடித்துவிட்டார். "அப்போ கடைசியில ரெண்டு புள்ளியே கிடைச்சிருந்தாலும் நாமதான்டி."

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில், மருந்து வாங்க வந்தவர் சீட்டை மடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். அண்ணி அங்கேயே எழுதினார்: "சரிபார்த்தேன். எங்கள் அணிக்கு ஒரு புள்ளி குறைத்து எழுதியிருக்கிறேன்." கீழே மருந்துக்கடை அம்மாவும் கையெழுத்திட்டார்.

திறப்பு விழா ஆட்டத்துக்கு மேசையை வேறொருவரிடம் விட்டுவிட்டு, அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முதல் பந்து வளையத்தின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே இறங்கியபோது என் மணிக்கட்டை நெரித்துவிட்டார். அதன்பின் நான் எது பேசியும் அவர் காதில் ஏறவில்லை.

தாமதமாக வந்த ஒருவர் பின்வரிசையிலிருந்து குனிந்து கேட்டார். "யாரு எத்தனைம்மா?"

"தெரியாதுங்க," என்றார் அண்ணி. "நான் பந்தைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்."