பதிமூன்றாம் தேதியைப் பிடித்த நசீமா

நசீமா போய்விட்டார். காலையில் வாட்ஸ்அப்பில் அவர் தம்பி போட்ட இரண்டு வரி... ரஹாங்கில் உள்ள அவர் வீட்டில், தூக்கத்திலேயே. மாலை அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

சிரம்பானில், தோட்டங்களுக்குத் தொழிலாளர் வருகையைப் பதியும் ஆப் செய்து கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனி. அங்கே ஆறு வருடம் என் பக்கத்து மேசை அவர். இரண்டு பேரும் புரோகிராமர்.

புரோகிராமர் என்றால் நாளெல்லாம் தட்டிக்கொண்டே இருப்போம் என்று நினைக்கிறார்கள். பாதி நாள் அடுத்தவர் எழுதியதை வெறித்துப் பார்ப்பதுதான் வேலை. மீதி நாள், போன மாதம் நாமே எழுதியதை "எந்த மடையன் எழுதினான்?" என்று திட்டுவது.

நான் சேர்ந்த புதிதில் ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆப் திடீரென்று படுத்துவிட்டது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். நசீமா டீயோடு வந்து நின்று திரையைப் பார்த்தார். எதையும் தொடவில்லை.

"செல்வம், இது பதிமூணாம் தேதிதானே ஆரம்பிச்சிச்சு?"

ஆமாம்! நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன. பன்னிரண்டு வரைக்கும் கம்ப்யூட்டர் அதை மாதம் என்று நம்பியிருக்கிறது. பதிமூன்றாவது மாதத்துக்கு அது எங்கே போகும்? எனக்குப் புல்லரித்துவிட்டது. அவர் பாட்டுக்குப் போய் டீயைக் குடித்தார்.

இன்னொன்று... இதைத்தான் எழுத வேண்டும்.

அடுத்த மாதம், ஒரு மத்தியானம். இரண்டு பேருடைய பதிவை மட்டும் நீக்கப் போனேன். 'இன்னார்' என்று குறிக்கும் வரியைப் போடாமலே என்டரைத் தட்டிவிட்டேன். எல்லாத் தோட்டத்திலும் காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு எடுத்த ஒரு வார வருகைப் பதிவு மொத்தமும் காலி. பேக்கப் அதற்கு முந்திய வாரத்தோடு நின்றிருந்தது. நான் ஏதேதோ தட்டிக்கொண்டிருக்க, நசீமா எட்டிப் பார்த்தார்.

"அலாமாக்! முதல்ல கீபோர்டுலேர்ந்து கைய எடுங்க."

தோட்டத்தில் போன் லைன் ஒழுங்காகக் கிடைக்காது என்று, பெயர் பதியும் கிராணிகளின், அதாவது தோட்டத்துக் கணக்கர்களின் போனிலேயே கடைசிப் பத்து நாள் பதிவின் நகல் இருக்கும்படி அவர் முன்பே எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு கிராணியாகக் கூப்பிட்டார்.

"ஐயா, ஆப்ப அழிச்சிடாதீங்க. லைன் கிடைக்கிற எடத்துல நின்னு, நான் சொல்ற பட்டன மட்டும் அமுக்குங்க லா."

சாயங்காலத்துக்குள் திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. முனியாண்டி, சுலாஸ்த்ரி, ரஹ்மான்... நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பாஸ் கத்தினார். "யாரு செஞ்ச வேல இது?"

"நான்தான் பாஸ்" என்றார் நசீமா.

வெளியே வந்ததும் கேட்டேன், "ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"உங்களுக்கு வேல இன்னும் கன்ஃபர்ம் ஆவல. தூக்கிடுவாங்க. என்னைய ஏசுவாங்க, அவ்ளோதான் லா."

அவ்வளவோடு நிற்கவில்லை. இரண்டு வருடம் கழித்து டீம் லீடர் போடும்போது அந்தச் சம்பவத்தைச் சொல்லி அவரை ஒதுக்கினார்கள். என்னைப் போட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவரும் கடைசி வரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதைப் படிக்கும் பாஸ், பழைய ஆபீஸ் நண்பர்களே... அன்றைக்கு அந்த என்டரைத் தட்டியது நான். நசீமா இல்லை.

பாரோயில் என் வீட்டிலிருந்து அடக்கத்துக்கு இப்போது கிளம்புகிறேன். போய்ட்டு வாங்க, நசீமா.