அப்பா முடிக்கும்வரை

பேசுகிறவர் பேசி முடித்துவிட்டாரா, இன்னும் பாக்கி இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் அம்மாவின் வேலை. குரல் கேட்டுப் பதில் சொல்லும் கருவிகளில் அந்த ஒரு பகுதிக்கான புரோகிராமை மட்டும் இருபத்திரண்டு வருடம் எழுதினார். முக்கால் நொடி சத்தம் இல்லையென்றால் பேச்சு முடிந்தது என்று கருவி எடுத்துக்கொள்ளும். பெரும்பாலானவர்களுக்கு அது போதும். அப்பாவுக்குப் போதாது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அவருக்குத் திக்கும். ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லமாட்டார். சொல்லுக்கு முன்னால் அப்படியே நின்றுவிடுவார். அம்மா முதல் கருவியைச் சமையலறை அலமாரியில் வைத்த அன்று அப்பா மூன்று முறை விளக்கைப் போடச் சொல்லிப் பார்த்தார். மூன்று முறையும் பாதியில் "புரியவில்லை" என்றது.

"உங்க ஆபீஸ்ல செஞ்சதுதானே," என்றார் அப்பா. "அதான் யாரையும் முழுசாப் பேச விடமாட்டேங்குது."

கிண்டல் செய்யும்போது மட்டும் அவருக்குத் திக்காது.

எல்லோருக்கும் காத்திருக்கும் நேரத்தைக் கூட்ட அம்மாவின் மேனேஜர் ஒப்புக்கொள்ளவில்லை. "மிஷின் தூங்கிடுச்சுன்னு கம்ப்ளைன்ட் வரும், மேடம்."

அப்படியானால் யார் எங்கே, எவ்வளவு நேரம் நிற்பார் என்று கருவியே கற்றுக்கொள்ளட்டும் என்றார் அம்மா. இரண்டு வருடம் ஆனது. சாப்பாட்டு மேஜையில் அப்பா வாக்கியங்களை வாசிப்பார், அம்மா பதிவு செய்வார். நடுவில் "என் பொண்டாட்டிக்கு லீவு குடு" என்றும் வாசிப்பார். அதையும் அம்மா அழிக்கவில்லை. அதே மேஜையில் வீட்டுப்பாடம் எழுதும் நான், அப்பா நின்றால் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பேன்.

"அவர் பேச்சை நீ ஏன்டி முடிக்கிற?"

"ஹெல்ப்தானேம்மா."

"அவர் கேட்டாரா?"

அலுவலகத்தில் அதைச் செய்து காட்டும் நாளில் அம்மா அப்பாவையே அழைத்துப் போனார். அங்கே நடந்ததை அப்பா பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறார். "நாளைக்கு ஆறு மணிக்கு என்னை…" என்று நின்றுவிட்டார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று காட்டும் கருவியின் விளக்கு அணையவில்லை. நான்கு நொடி. ஐந்து. மேனேஜர் நல்ல மனிதர். தாங்கமுடியாமல் "எழுப்பு" என்று எடுத்துக் கொடுத்துவிட்டார். புதுக் குரலில் குழம்பிக் கருவி அணைந்தது.

"மிஷின் காத்திருந்துச்சு, சார்," என்றார் அம்மா. "நீங்கதான் காத்திருக்கலை. இன்னொரு தடவை பாக்கலாமா?"

இரண்டாம் முறை அப்பாவுக்கு ஏழு நொடி ஆனது. யாரும் வாயைத் திறக்கவில்லை. "ஆறு மணிக்கு எழுப்புகிறேன்" என்றது கருவி. அந்த வருடமே அம்மாவின் அந்த முறை எல்லாக் கருவிகளிலும் ஏறியது.

"ஏழுன்னு சொல்லியிருக்கலாம்," என்றாராம் அப்பா, திரும்பி வரும்போது. "ஆறு ரொம்ப சீக்கிரம்."

போன மாதம் அம்மா இறந்தார். ரத்தப் புற்றுநோய். கண்டுபிடித்துப் பதினொரு வாரம்.

அவர் அலுவலகத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். அப்பா நான்கு வரி எழுதியிருந்தார். நான் வாசிக்கிறேன் என்று தாளை வாங்கிக்கொண்டேன். பெயரைக் கூப்பிட்டதும் அவரே எழுந்துவிட்டார்.

"என் வீட்டுக்காரி…"

நின்றார். அடுத்த சொல் என் கையில் இருந்தது. முன்வரிசையில், ஓய்வுபெற்றுவிட்ட அந்த மேனேஜர் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தாளை மடித்தேன். நொடிகளை எண்ணினேன்; எங்கள் வீட்டுப் பழக்கம் அது. பதினான்கு.

"…அவசரப்படமாட்டா," என்றார் அப்பா.

மீதி மூன்று வரியையும் அவரே சொன்னார்.