நான்காவது டேக்கில் சரிந்த எரிமலை

1. சாரம்

எரிமலை சரிந்தபோது இயக்குநர் ‘கட்’ சொல்லவில்லை. நாற்பதடி உயரச் சவுக்குச் சாரம். அதன்மேல் சாக்கு, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், கறுப்புப் பெயின்ட். அது அப்படியே ஒருபக்கம் சாய, கீழே ஓடிக்கொண்டிருந்த பெண்கள் நிஜமாகவே அலறினார்கள். “ரோலிங்! யாரும் கேமராவை நிறுத்தாதீங்க!” என்று அவர் மைக்கில் கத்தினார். அந்தக் குரலை நினைத்தால் இன்றும் உடம்பு பற்றி எரிகிறது. ஆனால் அந்தச் சாரம் நிற்கும் என்று சான்றிதழ் கொடுத்தவன் நான்.

அரசுக் கட்டடப் பணியில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவன். குறைந்த செலவில் எரிமலைப் படம் எடுக்க வந்த கம்பெனி, செட்டைச் சரிபார்க்க என்னை வைத்துக்கொண்டது. எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் ஒரு கரிசல் தரிசு நிலம். நனைந்தால் இளகிவிடும் கரிசலில் சின்ன அறை கட்டுவதானாலும் கறுப்பு மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, அடியில் கெட்டித்தரை தட்டிய பிறகுதான் கால் நிறுத்துவோம். சித்திரை வெயில், பத்து நாளில் பிரித்துவிடுவார்கள் என்று இரண்டடிக் குழியோடு விட்டுவிட்டேன். மழை வராது என்று கணக்குப் போட்டேன். லாவாவை மறந்துவிட்டேன்.

2. லாவா

லாவா என்பது லாரித் தண்ணீர், மைதாப் பசை, ஆரஞ்சுச் சாயம். உச்சியில் டேங்க் வைத்து ஒவ்வொரு டேக்குக்கும் திறந்துவிடுவார்கள். தீவு மக்களாக ஓடியவர்கள் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள். அன்று ஞாயிறு. காலைப் பூசை முடித்து நேராக வந்திருந்த ஆரோக்கியம்தான் அவர்களில் வாயாடி.

“ஏட்டி, எரிமலைன்னாவ, கடலைமிட்டாய்ப் பாகுல்லா ஊத்துதாவ!”

“சிரிக்காதீங்கக்கா, இப்ப சாகப்போறீங்க” என்றான் உதவி இயக்குநர்.

“சாகப்போறவளுக்கு ஒரு டீ உண்டுமாய்யா?”

மூன்றாவது டேக் முடிந்ததும் நிலத்துக்காரர் என்னைக் கூப்பிட்டார். “அண்ணாச்சி, அங்கன பாருங்க. வெடிப்பெல்லாம் தண்ணியக் குடிச்சிட்டு. கம்பு எறங்குது.”

பார்த்தேன். மூலைக்கால் ஒரு சாண் இறங்கியிருந்தது. புரொடக்‌ஷன் மேனேஜரிடம் ஓடினேன்.

“வெளிச்சம் போகுது சார், ஒரே டேக். நீங்கதான சர்டிபிகேட் குடுத்தீங்க? அப்ப தப்பாக் குடுத்தீங்களா?”

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘ஆமாம், தப்பு’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரும்பிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். நான்காவது டேக்கில் ஆரோக்கியத்தின் வலது மணிக்கட்டில் சவுக்குக் கம்பு விழுந்தது.

3. கோடு

மூன்றாம் நாள் மேனேஜர் ஒரு தாள் கொண்டுவந்தார். ஓடுவதற்கு எல்லையாகச் சுண்ணாம்பில் போட்டிருந்த கோட்டைத் தாண்டி ஓடியதால் அந்தப் பெண்ணுக்கு அடிபட்டது என்று அதில் இருந்தது. மலை தலையில் விழும்போது கோடு பார்த்தா ஓடுவார்கள்? அயோக்கியத்தனம் என்று தெரிந்தும் அதிலும் கையெழுத்திட்டேன்.

படம் வந்தது. ஆரோக்கியம் விழும் காட்சியை ஸ்லோமோஷனில் வைத்திருந்தார்கள். தியேட்டரில் விசிலடித்தார்கள். ‘கிராபிக்ஸே இல்லாமல் எடுத்தோம்’ என்று இயக்குநர் பெருமையாகப் பேட்டி கொடுத்தார். ஒரு பெண்ணின் எலும்பு முறிவதைச் சாதனை என்று சொல்ல எப்படி நாக்கு எழுந்தது?

மறுநாள் ஆரோக்கியத்தின் வீட்டுக்குப் போனேன். விரல்கள் மடங்கவில்லை, பெட்டியில் குச்சி அடைக்க முடியாது.

“நான் கோட்டத் தாண்டுனேன்னு எழுதியிருக்காவளாம். யாரு சார் எழுதுனா?”

“எழுதினது அவங்க. கையெழுத்து என்னோடது.”

“படிச்சவுக போட்டதுன்னு எங்க ஆபீஸ்லயே நம்பிட்டாவ. இப்பவும் நீங்க போட்டாத்தான் நம்புவாவ. போடுங்க.”

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். குழியின் ஆழம், இறங்கிய கால், நான் பார்த்தது, பேசாமல் இருந்தது, பொய்த் தாளில் கையெழுத்திட்டது, எல்லாம். இடது கையில் பிடித்து அவர் முழுக்கப் படித்தார். பிறகு தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்தேன். அவர் விரல் அதனால் மடங்கப்போவதில்லை.

இந்த வேலைக்கு வரும் இளைய இன்ஜினீயர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். மூன்றாவது டேக்குக்குப் பிறகு நான் சொல்லவேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். ஆரோக்கியம் வீட்டில் அது நான்கு பக்கம் ஆயிற்று.