படத்தில் விழுந்த கோடுகள்

சில வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. எனக்குத் தென்காசியில் ஒரு மருந்துக்கடையில் வேலை, வீடு இலஞ்சியில். வானத்தைப் படம் எடுப்பதில் எனக்கு ஒரு பைத்தியம். சாரல் தொடங்கிவிட்டால் இங்கே நட்சத்திரத்தைப் பார்ப்பதே அபூர்வம். அதனால் மாசி, பங்குனியில் வேலை முடிந்து வந்ததும் தொலைநோக்கியில் கேமராவை மாட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவேன்.

அந்த வருடம் எடுத்த படங்கள் பலவற்றில் கோடுகள். ஓரியன் நெபுலா என்கிற வாயு மேகம் மங்கலாக, சிவப்பாக விழுந்திருக்கும். அதன்மேல் சீப்பால் வாரியதுபோல வரிவரியாகக் குறுக்குக் கோடுகள். ஆசை ஆசையாக வாங்கிய கேமரா போய்விட்டது என்றே நினைத்தேன்.

இணையத்தில் வானப் படம் எடுப்பவர்களின் குழு ஒன்றில் கேட்டேன். முன்பின் தெரியாத ஒரு கோயம்புத்தூர்க்காரர் பொறுமையாகப் பதில் சொன்னார். கேமராவை மூடியால் மூடிவிட்டு ஒரு படம் எடுக்கச் சொன்னார். அந்த இருட்டுப் படத்திலும் கோடு இருந்தது. அப்படியானால் கோளாறு வானத்தில் இல்லை. அடுத்து வீட்டுக் கரண்டை விட்டுவிட்டு பேட்டரியில் எடுக்கச் சொன்னார். கோடு மறைந்துவிட்டது. கேமரா தப்பித்தது என்று எனக்கு நிம்மதி. அவர் விடவில்லை. எந்தெந்த நேரத்துப் படங்களில் கோடு விழுகிறது என்று பார்க்கச் சொன்னார். பார்த்தால், பக்கத்து வீட்டுக் கிணற்று மோட்டார் ஓடும்போது எடுத்தவற்றில் மட்டும்தான். தொலைநோக்கியின் இரும்புத் தாங்கியைத் தொட்டால் சுருக்கென்கிறதா என்று கேட்டார். பல நாளாக அப்படித்தான் இருந்தது. நான்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"இனி அதைத் தொடாதீங்கம்மா. முதல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க" என்று எழுதினார்.

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். ஒரு காலத்தில் ஒரே வீடாக இருந்ததால் இரண்டு வீட்டுக்கும் எர்த் கம்பி ஒன்றுதான். அடுத்த வீட்டு மோட்டாரில் கசியும் மின்சாரம் அதன் வழியே எங்கள் வீட்டுக்கும் வந்துகொண்டிருந்தது. எங்களுக்குத் தனியாக எர்த் போட்டுக் கொடுத்துவிட்டு, மோட்டாரை உடனே மாற்றச் சொல்லுங்கள் என்றார்.

படத்தில் கோடு விழுந்ததில் தொடங்கி, மோட்டாரில் கரண்டு கசிவதுவரை போய்ச் சொன்னேன். பக்கத்து வீட்டு அண்ணாச்சி சிரித்தார். "நட்சத்திரப் படத்துல கோடு விழுதுன்னு எம் மோட்டார நிறுத்தச் சொல்லுதியாம்மா?" என்றார். அவர் மனைவியும் சேர்ந்து சிரித்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. திரும்பி வந்துவிட்டேன். தனி எர்த் போட்டதால் என் படங்களில் கோடு விழுவது நின்றுவிட்டது.

ஆனியில் சாரல் பிடித்துக்கொண்டது. ஒரு காலை வேளை, கிணற்றடியில் பசு கத்திய சத்தம் கேட்டு ஓடினேன். நனைந்த தரையில் அவர்களுடைய பசு கால் விறைத்துக் கிடந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சியின் மனைவி பதறிப்போய், வெறுங்காலோடு அதை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.

"மதினி, தொடாதிய! கரண்டு இருக்கு!"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் நின்றுவிட்டார். நான் அவர்கள் வீட்டு முன்பக்கம் ஓடி மெயின் சுவிட்சை இறக்கினேன். மோட்டார் அடங்கியது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பசு அசையவில்லை. கொட்டிலில் அதன் கன்று கத்தத் தொடங்கியது. மதினி அப்படியே படியில் உட்கார்ந்து அழுதார்.

பசுவைப் புதைத்துவிட்டு வந்த அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்காமல், "நீ அன்னைக்கே சொன்ன. நாந்தான் கேக்கல" என்றார். அந்தக் கன்று இரண்டு மூன்று நாள் இரவும் பகலும் கத்திக்கொண்டே இருந்தது.

கோயம்புத்தூர்க்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். "அந்தம்மா நல்லா இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார். அவரை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. யாரோ ஒருத்தியின் படத்தில் விழுந்த கோட்டுக்காக அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். நானோ பக்கத்து வீட்டில் ஒரே தடவை சொன்னேன். ஆபத்து என்று தெரிந்த எதையும், எதிரே இருப்பவர் சிரித்துவிட்டார் என்பதற்காக அத்தோடு விட்டுவிட்டு வர இப்போதெல்லாம் என்னால் முடிவதில்லை.