முன்னாள் மனைவியின் நற்சான்று

விடுமுறைப் பூங்காவுக்கு வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை வந்து திங்கட்கிழமை போய்விடுவார்கள். யெல்மர் ஹோஃப்ஸ்ட்ரா வந்து பத்து மாதம் ஆகியும் போகவில்லை. நாற்பத்தெட்டாம் எண் மரவீடு. முன்னால் ஒரு குளம், குளத்தில் வாத்துகள், வாத்துகளுக்கு ரொட்டி போடக்கூடாது என்றொரு பலகை. பக்கத்து மரவீட்டில் வாராவாரம் புதுக் குடும்பம் இறங்கும். "உங்களுக்கு எத்தனை நாள் லீவு?" என்று சிநேகமாகக் கேட்பார்கள். "இன்னும் முடியலைங்க" என்பான்.

அவனைப்போலவே மனைவியைப் பிரிந்து பெட்டியோடு வந்த ஆண்கள் அங்கே இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். துணி துவைக்கும் அறையில் சந்தித்துக்கொள்வார்கள். யாரும் யாரையும் ஒன்றும் கேட்பதில்லை. சாக்ஸுக்கு ஜோடி தேடுவதில் மும்முரமாக இருப்பார்கள்.

யெல்மருக்கு வயது நாற்பத்து மூன்று. ஊருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். பெண்கள் இரண்டு பேர். ஃபென்னாவுக்குப் பதினொன்று, பீனுக்கு எட்டு. ஒரு வாரம் அம்மாவிடம், ஒரு வாரம் அப்பாவிடம் என்று ஏற்பாடு. ஏற்பாடு நன்றாகத்தான் இருந்தது, தூரம்தான் சரிப்படவில்லை. பூங்காவிலிருந்து ஆமெர்ஸ்ஃபோர்ட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு இருபத்தாறு கிலோமீட்டர். அப்பா வாரத்தில் பெண்கள் காரிலேயே சாக்லேட் தூவின ரொட்டியைத் தின்று, காரிலேயே தலைவாரி, மணி அடித்த பிறகு வகுப்புக்குள் நுழைந்தார்கள். ஜூன் மாதம் பெண்களின் அம்மா மார்லூஸ் நேராகச் சொல்லிவிட்டாள்.

"ஆகஸ்ட் கடைசியில ஸ்கூல் திறக்குது. அதுக்குள்ள சைக்கிள்ல போற தூரத்துல ஒரு வீடு பாரு. இல்லன்னா ஸ்கூல் நாளெல்லாம் பசங்க என்கிட்டதான். உனக்கு சனி ஞாயிறு."

"வீடு என்ன கடையிலயா விக்குது?"

"தெரியும். கஷ்டம்தான். ஆனா காலையில ஆறு மணிக்கு எழுந்திருக்கிறது நீயில்ல, பீன்."

சனி ஞாயிறு அப்பா என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். துணி துவைக்கும் அறையில் இரண்டு பேர் அப்படித்தான் இருந்தார்கள். திங்கட்கிழமைகளில் அவர்களுடைய சலவை இயந்திரம் பாதிகூட நிறைவதில்லை.

வீடு தேடினான். காலையில் விளம்பரம் வந்தால் மதியத்துக்குள் இருநூறு பேர் எழுதிவிடுவார்கள். நேரில் பார்க்கக் கூப்பிட்டது மூன்று தடவை. மூன்றிலும் சம்பளச் சீட்டைக் கேட்டார்கள், சொந்தத் தொழில் என்றதும் சிரித்த முகத்தோடு வழியனுப்பினார்கள்.

ஜூலை முதல் வாரம் ஒரு பல் மருத்துவருக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. மெரல்ஹோஃப் தெருவுக்குள் வரச்சொன்னான். நடக்கிற வேகத்துக்கு மேல் வண்டி போகக்கூடாத தெரு அது. நடுரோட்டில் சாக்பீஸில் பாண்டிக் கட்டம், அதைத் தாண்டி ஒரு பொம்மைத் தள்ளுவண்டி, அதைத் தாண்டி சொந்தக்காரன் இல்லாத ஒரு ரோலர் ஸ்கேட். பொறுமையைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது என்று எல்லா மாணவர்களையும் அங்கே கூட்டிவருவான். அன்றைக்குப் பதினேழாம் எண் வீட்டு ஜன்னலில் ஓர் அம்மாள் உள்ளிருந்து ஒரு தாளை ஒட்டிக்கொண்டிருந்தார். கையால் எழுதிய தாள். வாடகைக்கு.

"நிறுத்துங்க!" என்றான் யெல்மர்.

"இங்கயா? இங்க நிறுத்தக்கூடாதுன்னு நீங்கதானே போன வாரம்…"

"இன்னிக்கு நிறுத்தலாம்."

அந்த அம்மாள் வில்லெமின். அறுபத்திரண்டு வயது, ஓய்வுபெற்ற மருத்துவச்சி. கடலோரத்தில் இருக்கும் தங்கையோடு இரண்டு வருடம் இருந்துபார்க்கப் போகிறார், ஒத்துவராவிட்டால் திரும்பி வருவார். தரகர் வேண்டாம், இணையத்தில் போடுவதும் வேண்டாம், தெருவில் நடக்கிற ஆள்தான் வேண்டும் என்று ஜன்னலில் ஒட்டினாராம். வாசலில் நின்றே இவ்வளவும் சொல்லிவிட்டு, நாட்குறிப்பைப் புரட்டி, "வியாழக்கிழமை பத்து மணி. காபிக்கு வாங்க. இப்ப உங்க கார் கோஸோட வாசலை மறைக்குது" என்று கதவைச் சாத்திக்கொண்டார். கோஸ் என்பவர் பத்தொன்பதாம் எண்ணில் இருந்த ஓய்வுபெற்ற ரயில் கார்டு. அவர் அதற்குள் வெளியே வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

"கத்துக்குடுக்கிற வண்டியே இப்படி நின்னா நாடு என்ன ஆகும், மாஸ்டர்?"

எல்லாம் நல்லபடியாக இருந்தது, ஒன்றைத் தவிர. பதினேழாம் எண்ணின் தோட்டத்துக்குப் பின்னால் ஆள் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற அளவுக்கு ஒரு சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் அடுத்த தெருவின் தோட்டங்கள். நேர் எதிரே இருக்கும் பச்சைக் கதவு மார்லூஸுடையது. அந்தக் கதவுக்குப் பச்சை அடித்ததே யெல்மர்தான்.

பிரியும்போது மார்லூஸ் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "எங்க வேணா இரு. மூணு தெரு தள்ளி இரு." சரி என்று சொல்லியிருந்தான். இப்போது அவளிடம் வாய் திறக்கவில்லை. முதலில் வீடு கிடைக்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம். திரைபோடாத ஜன்னல்கள் வழியே எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிடுகிற ஒரு பேட்டையில் பதினான்கு வருடம் வாழ்ந்தவன் போட்ட கணக்கு அது.

வியாழக்கிழமை பத்துக்கு மணி அடித்தான். காபி, ஒரு பிஸ்கட். ஊர் வழக்கப்படி ஒன்றோடு பிஸ்கட் டப்பா மூடப்பட்டது. வில்லெமின் வீட்டைச் சுற்றிக் காட்டினார். ஏணி மாதிரி நிற்கிற மாடிப்படி. மாடியில் இரண்டு சின்ன அறைகள். ஒன்றில் ஃபென்னா, ஒன்றில் பீன் என்று கேட்காமலே மனசு கட்டில் போட்டுவிட்டது. பின் ஜன்னலை மட்டும் அவன் எட்டிப் பார்க்கவில்லை.

"தோட்டம் பாக்கலியா?"

"தோட்டம்… தோட்டம் மாதிரிதானே இருக்கும்."

வில்லெமின் அவனை ஒருமுறை பார்த்தார். "இதுக்கு முன்னாடி இருந்த வீட்டுக்காரங்ககிட்டருந்து ஒரு கடிதம் வேணும். எப்படி இருந்தீங்க, ஒழுங்கா இருந்தீங்களான்னு. அது இல்லாம நான் யாருக்கும் சாவி குடுக்க மாட்டேன்."

"இப்ப விடுமுறைப் பூங்காவில இருக்கேன். அங்க வாங்கித் தரேன்."

"அங்க இருக்கறவங்க எல்லாம் மூணு நாள் விருந்தாளி. வீடுன்னு ஒண்ணுல இருந்திருப்பீங்கல்ல? அங்க."

யோசிக்க நேரம் வேண்டும் என்று கழிப்பறைக்குப் போனான். உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக, அந்த ஊரில் எல்லா வீட்டிலும் இருப்பதுபோல, வேண்டியவர்களின் பெயரை எழுதிவைக்கிற பிறந்தநாள் நாட்காட்டி தொங்கியது. ஜூலைப் பக்கம். ஒன்பதாம் தேதி கோஸ். இருபத்திரண்டாம் தேதிக்கு நேரே உருண்டை எழுத்தில், பீன். அவனுடைய பீன் பிறந்த நாள். செப்டம்பரைத் தூக்கிப் பார்த்தான். மார்லூஸ். நவம்பரில் ஃபென்னா. தன் பெயரைத் தேடினான். இல்லை. ஒரு வீட்டின் கழிப்பறையில் பெயர் ஏறிவிட்டது என்றால் அது வெறும் முகப் பழக்கம் இல்லை. வருடா வருடம் நாற்காலி போட்டு, வட்டமாக உட்கார்ந்து, கேக் தின்கிற உறவு.

வெளியே வந்தான்.

"பாத்தாச்சா?" என்றார் வில்லெமின்.

"பாத்தேன்."

"நீங்க வாசல்ல வந்து நின்னப்பவே தெரியும். பீன் பிறந்தப்ப பிரசவம் பாக்க உங்க வீட்டுல ஒரு ராத்திரி பூரா இருந்தவ நான். நீங்க மயக்கம் போட்டு விழுந்ததால முகம் ஞாபகம் இல்ல போல. இந்தத் தெருவுக்கு நான் குடிவந்ததும் நீங்க போனதுக்கப்புறம்தான்."

யெல்மர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

"நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன், சொல்லல. அது எனக்குப் பிடிக்கல" என்றார் அவர். கோபமில்லாமல், வானிலை சொல்வதுபோல. "பதினாலு வருஷம் ஒரே வீட்டுல இருந்திருக்கீங்க. அந்த வீட்டுக்காரி கடிதம் தரட்டும். திங்கட்கிழமை வரைக்கும் பேப்பரை ஜன்னல்லருந்து எடுத்து வைக்கிறேன்."

வேறு வழியில்லை. சாயங்காலம் வரலாமா என்று மார்லூஸுக்குச் செய்தி அனுப்பினான். 'ஆறு மணிக்குச் சாப்பிடுவோம். ஏழேகாலுக்கு வா' என்று பதில் வந்தது. ஏழு பதினாலுக்கு வாசலில் நின்று, ஒரு நிமிடம் காத்திருந்து மணி அடித்தான்.

நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான். மார்லூஸ் பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டாள். துடைத்த தட்டையே திரும்பத் துடைத்தாள்.

"மூணு தெருன்னு சொன்னேன்."

"சொன்ன."

"இது எத்தனை தெரு?"

"பின்பக்கமா பாத்தா… தெருவே இல்ல."

"உன் ஜட்டி கொடியில காயறதைப் பாத்துக்கிட்டே நான் காலையில தயிர் சாப்பிடணுமா?"

"உள்ளயே காயப்போடறேன்."

"யெல்மர், விளையாட்டு இல்ல." தட்டை வைத்தாள். "பீனுக்கு உன்கூட இருக்கணும்னு தோணினா கதவைத் திறந்து ஓடிடுவா. ஃபென்னாவுக்கு என்மேல கோபம் வந்தா அங்க வந்து உக்காந்துப்பா. குளிக்கச் சொல்றவ நான், அப்பம் சுடறவன் நீ. என் வாரம்னு ஒண்ணு எனக்கு மிஞ்சுமா?"

அவன் இதை நினைத்தே பார்க்கவில்லை. வீடு, தூரம், சைக்கிள் என்று அவனுடைய பக்கத்துக் கணக்கு மட்டும்தான் போட்டிருந்தான். மாடிப்படியில் யாரோ மூச்சுவிடும் சத்தம் கேட்டது. இரண்டு பேர்.

"மேல போங்க!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். காலடிகள் தடதடவென ஏறின.

"நான் சனி ஞாயிறு அப்பாவா ஆயிடுவேன், மார்லூஸ்" என்றான் மெதுவாக.

"தெரியும். அதுக்காக நான் பொய் எழுத முடியாது."

"பொய் எழுதச் சொல்லல."

"எழுதறேன்னும் நான் சொல்லல. யோசிக்கணும். முன்னாடியே சொல்லியிருந்தா யோசிச்சு முடிச்சிருப்பேன்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பூங்காவில் மழை. யெல்மர் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தான். ஒன்றும் வரவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வில்லெமின் வீட்டில் கோஸும் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் ஒரு பிஸ்கட் கிடைத்திருந்தது.

"காலையில ஏழு மணிக்கு மார்லூஸ் கதவுல இருக்கிற தபால் பொந்துல போட்டுட்டுப் போயிருக்கா" என்று வில்லெமின் உறையை எடுத்தார். "சத்தமா படிக்கட்டுமா?"

"கோஸ் இருக்காரே."

"நான் பக்கத்து வீடு. என்கிட்ட மறைச்சு என்ன பண்ணப்போறீங்க?" என்றார் கோஸ்.

வில்லெமின் கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தார்.

"'யெல்மர் ஹோஃப்ஸ்ட்ரா என்னோடு பதினான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்தார். ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவார். சமைத்தால் சட்டியைக் கழுவாமல் அப்படியே விட்டுவைப்பார். பழுதுபார்க்கிறேன் என்று ஆரம்பித்த ஆறு வேலைகளில் நான்கு முடிந்திருக்கின்றன.'"

"அஞ்சு" என்றான் யெல்மர்.

"'ஐந்து என்று சொல்வார். குளியலறைக் கைப்பிடியை நான் கணக்கில் சேர்க்கவில்லை.'"

கோஸ் காபியைக் கொட்டிக்கொண்டார்.

"'குப்பைத் தொட்டியைச் சரியான நாளில் வெளியே வைப்பார். அண்டை வீட்டார் யாரிடமும் சண்டை போட்டதில்லை. எதையாவது மறைத்தால் இரண்டு நாளுக்குள் மாட்டிக்கொள்வார், ஆகவே அதிகம் கவலைப்பட வேண்டாம். பெண்களுக்குக் காய்ச்சல் வந்த இரவுகளில் என்னைவிட அதிகம் விழித்திருந்தது அவர். வீட்டைக் கொடுக்கலாம். என் தரப்பில் ஒரே ஒரு நிபந்தனை. பின்கதவு இரண்டுக்கும் உள்பக்கம் தாழ்ப்பாள் போட வேண்டும். பெண்கள் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குப் போவதானால் தெருவைச் சுற்றி முன்வாசலுக்கு வந்து மணி அடிக்க வேண்டும். அவசரம் என்பது ரத்தம் வந்தால் மட்டும். மார்லூஸ்.'"

யெல்மர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினான்.

"நல்ல கடிதம்" என்றார் வில்லெமின். "எனக்கு இப்படி ஒருத்தர் எழுதுவாங்களான்னு தெரியல."

"தலையில பலகை வச்ச உங்க பாடம் நடத்தற கார்? அதை எங்க நிறுத்துவீங்க?" என்றார் கோஸ்.

"தெருக்கோடிக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் நிறுத்திட்டு நடந்து வரேன்."

"அப்ப சரி."

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி குடிவந்தான். முதல் வேலையாகத் தன் பக்கத்துப் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டான். எதிர்ப்பக்கம் மார்லூஸ் தானே துளையிடும் சத்தம் கேட்டது. திருகாணி சரியாக ஏறாமல் அவள் திட்டுவதும் கேட்டது. உதவிக்குப் போகவேண்டும் என்று கை பரபரத்தது. போகவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த வாரத்தின் வெள்ளிக்கிழமை, மூன்றரை மணிக்கு வாசல் மணி அடித்தது. பைகளோடு இரண்டு பேரும் நின்றார்கள். சுற்றி வர நான்கு நிமிடம் ஆனது என்றாள் ஃபென்னா, கைக்கடிகாரத்தைப் பார்த்து. பீன் மாடிக்கு ஓடி, பின் ஜன்னலைத் திறந்து, கீழே இறங்கி வந்தாள்.

"அப்பா, நீச்சல் டிரெஸ்ஸை அங்க வச்சுட்டேன். அம்மா தோட்டத்துலதான் இருக்காங்க. பின்னாடி வழியா எட்டி வாங்கிக்கவா?"

"ரத்தம் வருதா?"

"இல்ல."

"அப்ப முன்வழியா போ. மணி அடி. வாங்கிட்டு வா."

பீன் பெருமூச்சுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். யெல்மர் மாவு கரைக்கப் போனான். எட்டு நிமிடத்தில் மறுபடி மணி அடித்தது.